மீனுக்குத்தான் சார், எனக்கில்ல!

பாலக்கோட்டில் மருந்துக் கடை வைத்திருப்பவன் நான். டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டு வருகிறவர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். சில வருடங்களாக அந்தப் பட்டியலில் ஒன்று கூடியிருக்கிறது: "மீனுக்குத்தான் சார், எனக்கில்ல." கேட்பது டெட்ராசைக்ளின் 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல். அதைப் பிரித்துத் தொட்டியில் கொட்டினால் மீன் பிழைத்துக்கொள்ளும் என்று யாரோ வீடியோவில் சொல்லியிருப்பார்.

நான் கொடுப்பதில்லை. அது 'எச்' அட்டவணை மருந்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது. சட்டத்தை மட்டும் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்பதால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன்: நம்ம ஊர் தண்ணீரில் இந்த மாத்திரை சரியாக வேலை செய்யாது. டெட்ராசைக்ளின் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கண்டால் பற்றிக்கொள்ளும். பாலோடு இதைச் சாப்பிடாதீர்கள் என்று மனிதர்களுக்குச் சொல்வதும் அதனால்தான். பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிய வைக்கும் நம் போர் தண்ணீரில் கொட்டினால், மருந்தில் பெரும்பகுதி மீனுக்குப் போகாமல் சுண்ணாம்போடு சேர்ந்துவிடும். மிச்சமிருப்பது, பில்டருக்குள் குடியிருந்து மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவையும் தாக்கலாம். போர் தண்ணீரில் பிஹெச் ஏறியிருந்தால் அம்மோனியாவின் விஷமும் ஏறும். ஏற்கெனவே சீக்கான மீனுக்கு அது வேறு.

கடைக்கு வருகிற மீன்களில் பலவற்றுக்கு நோயே இருப்பதில்லை. காரிமங்கலம் பக்கத்துப் பையன் ஒருவன் பிளாஸ்டிக் கவரில் கோல்ட் ஃபிஷ் ஒன்றைக் கொண்டுவந்தான். உடம்பில் புள்ளி இல்லை, செதில் தூக்கவில்லை, வால் கிழியவில்லை. செவுள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"தண்ணி எப்பப்பா மாத்தின?"

"நேத்து சாயங்காலம்ணா. முழுசா மாத்திட்டேன்."

"எந்தத் தண்ணி?"

"ஒகேனக்கல் தண்ணி. குழாயில வந்ததும் புடிச்சு ஊத்துனேன்."

அவ்வளவுதான் விஷயம். நம் தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து தலைமுறைகளின் பல்லிலும் எலும்பிலும் ஏறியது. அதற்காக ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. நமக்கு அது பெரிய வரம். கிருமி சாக வேண்டும் என்று அதில் குளோரின் கலக்கிறார்கள். குடிநீர் குழாய் முனைக்கு வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நமக்குப் பாதுகாப்பான அந்த அளவே மீனின் செவுளை அரித்துவிடும். அகன்ற டப்பாவில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தாலோ, மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரினைச் சில சொட்டு விட்டாலோ போதும். ஒரேயடியாக முழுத் தண்ணீரையும் கொட்டாமல் கால் பங்கு மாற்ற வேண்டும். இந்த வைத்தியத்தில் மருந்துக் கடைக்காரனுக்கு எந்த வருமானமும் இல்லை.

நிஜமான நோய் மார்கழியில் வரும். இரவில் குளிர் இறங்கியதும், ரவையைத் தூவினாற்போல் உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளி. இக் என்கிற இந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. முதிர்ந்து கீழே விழுந்து, தரையில் நூற்றுக்கணக்காகப் பிரிந்து, குஞ்சுகள் அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் உப்போ மருந்தோ அதைக் கொல்லும். 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடிகிற இந்தச் சுற்று, குளிரில் வாரக்கணக்கில் இழுக்கும். அதனால் ஹீட்டர் போட்டு மெதுவாக 30 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், ஏர் பம்ப்பைக் கூட்ட வேண்டும். லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பை, அதாவது 50 லிட்டர் தொட்டிக்கு 100 கிராம், கரைத்துக் கரைத்து ஒரு நாள் முழுக்கப் பிரித்து ஊற்றலாம். கோரிடோராஸ் மாதிரி கெளுத்தி இனங்களுக்கும் செடிகளுக்கும் உப்பு ஆகாது. மூன்றாம் நாள் புள்ளி மறைந்ததும் எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். அன்றைக்குத்தான் எதிரி தரையில் பெருகிக்கொண்டிருப்பான். பத்து நாளாவது விடாமல் தொடர வேண்டும்.

ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாயோரம் வெள்ளைப் பஞ்சு படர்ந்தால் பூஞ்சை என்று நினைத்து மெத்திலீன் புளூ ஊற்றுகிறோம். பல நேரம் அது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும். வெள்ளைப் புள்ளிக்கு நல்லது என்று சூட்டை ஏற்றினால் காலம்னாரிஸ் இன்னும் வேகமாகக் கொல்லும். செவுளில் புழு இருந்தால் மெத்திலீன் புளூவும் ஆன்டிபயாடிக்கும் உதவாது, பிராசிகுவாண்டெல் வேண்டும். கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிப்பது அனுபவசாலிக்கே சிரமம். தோலில் லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அந்த மைக்ராஸ்கோப் எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. ஆட்டுக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் டாக்டர் உண்டு. தொட்டி மீனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று கேட்டால் எனக்கும் கைகாட்டத் தெரியவில்லை. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் 3 லட்ச ரூபாயில் வீட்டுப் புறக்கடை வண்ணமீன் வளர்ப்பு அலகு அமைக்கலாம். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 60 சதவீதம் மானியம். வளர்க்கப் பணம் கொடுக்கிற அரசு, வளர்த்தது சாகும்போது காட்ட ஓர் இடம் கொடுக்க வேண்டாமா? மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 மே மாதம் மீன் தொட்டிக் கடைகளுக்கு விதிமுறை கொண்டுவந்தது. 158 வகை மீன்களுக்குத் தடை, வட்டக் கிண்ணத்துக்குத் தடை என்று எதார்த்தம் தெரியாத விதிகள் அதில் நிறைய. வியாபாரிகள் எதிர்த்தார்கள், அந்த ஆண்டே அமைச்சகம் அதைத் திரும்பப் பெற்றது. நல்லதுதான். ஆனால் மீன் நோய் தெரிந்த நிபுணர் ஒருவர் இருக்க வேண்டும் என்று அதில் இருந்த ஒரே உருப்படியான யோசனையும் சேர்ந்து குப்பைக்குப் போயிற்று.

மனிதனுக்கே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, இருபது ரூபாய் மீனுக்கு டாக்டரா என்று கேட்பீர்கள். மீன் இருபது ரூபாய்தான். அதற்காகக் கொட்டிய மருந்து, தண்ணீர் மாற்றும்போது சாக்கடைக்குப் போகிறது. அங்கே அதற்குப் பழகித் தேறும் பாக்டீரியா நம் வீட்டுக்கும் வரும். தொட்டி நீரில் வாழும் மைக்கோபாக்டீரியம் ஒன்று, கையில் காயத்தோடு தொட்டி கழுவுகிறவர்களுக்கு மாதக்கணக்கில் ஆறாத புண்ணை உண்டாக்கக்கூடியது. மீன் வளர்ப்பவர்கள் தோல் டாக்டரிடம் போனால் வீட்டில் தொட்டி இருப்பதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

கேட்பது ஆஸ்பத்திரி அல்ல. தருமபுரி மீன்வளத் துறை அலுவலகத்திலோ கால்நடை மருத்துவமனையிலோ வாரத்தில் ஒரு காலை, ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், அம்மோனியாவும் பிஹெச்சும் பார்க்கிற ஒரு டெஸ்ட் கிட், சீட்டு எழுதும் உரிமையுள்ள ஒரு டாக்டர். நாகப்பட்டினத்து மீன்வளப் பல்கலைக்கழகம் அவருக்குச் சில நாள் பயிற்சி கொடுக்கலாம். சந்தை நாளாகப் பார்த்து வைத்தால் மாரண்டஅள்ளி, பென்னாகரம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கும் தோது. மீனை ஒரு கவரிலும், தொட்டித் தண்ணீரைத் தனியாக ஒரு பாட்டிலிலும் கொண்டுவரச் சொல்லி வாசலில் ஒரு போர்டு வைத்தால் போதும்.