கத்தி விலகிய பிறகு

1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் ஒரு கடிதம் வெளிவந்தது. அது சொன்ன கதை இது: ஆங்கிலப் படையில் மாடு ஓட்டிய கவாஸ்ஜி 1792 போரில் திப்புவிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தவர். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், புனே அருகே செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புது மூக்கு அமைத்தார். லண்டனில் அறுவை மருத்துவர் கார்ப்யூ 1814இல் இம்முறையைக் கையாண்டு, 1816இல் நூலாக்கினார்.

கடிதம் அறுவையோடு நின்றுவிடவில்லை. ஐந்தாறு நாள் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். காயத்தின்மேல் நெய்யில் நனைத்த துணி. 10ஆம் நாள் துளை தூர்ந்துவிடாதபடி மெல்லிய துணித் துண்டுகள். 25ஆம் நாள் வாக்கில்தான் நெற்றியோடு ஒட்டிய தோலை அறுப்பது. அதற்குப் பல நூற்றாண்டு முந்தைய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையும் அப்படியே: மூச்சுக்கு இரு குழல்கள், அதிமதுரப் பொடி, பஞ்சு, அதன்மேல் அடிக்கடி நல்லெண்ணெய். வெட்டத் தெரிந்தவர்களுக்குக் காத்திருக்கவும் தெரிந்திருந்தது.

கோணல் மூக்கை நிமிர்த்தும் அறுவை பிற்காலத்தது. மருத்துவர்கள் ஃப்ரீர் 1902லும் கில்லியன் 1904லும் வளைந்த நடுச்சுவர்க் குருத்தெலும்பைப் பெருமளவு அகற்றும் முறையை விவரித்தார்கள். மூச்சு சீரானது. ஆனால் தாங்குவதற்கு ஏதுமில்லாமல் சிலருக்கு மூக்குத்தண்டு உள்வாங்கியது. சுவரில் ஓட்டை விழுந்தது. இயன்றவரை எடுக்காமல் திருத்தும் வழிக்கு மருத்துவம் திரும்பியது இத்தகைய அனுபவங்களால்தான்.

இன்றும் ஆபத்து இல்லாமல் இல்லை. நடுச்சுவரின் சவ்வுக்கடியில் இரத்தம் தேங்கினால் குருத்தெலும்புக்கு ஊட்டம் நின்று சில நாளிலேயே அது அழியும். வலி கூடிக்கொண்டே போய், மூக்கும் முழுதாக அடைத்துக்கொண்டால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. சிலருக்கு மேல்வரிசைப் பற்கள் மரத்துப்போகும், வாசனை மட்டுப்படும். குருத்தெலும்பு பழைய வளைவுக்கே திரும்புவதும் உண்டு. நுனி வீக்கம் முழுதும் வடிய ஓராண்டுகூட ஆகும். மூன்றாம் வாரமே கண்ணாடியைப் பார்த்துக் கலங்குபவர்களிடம் இதை முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மருத்துவர் அனுமதிக்கும்வரை மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தலையை உயர்த்திப் படுப்பது, பாரம் தூக்காதிருப்பது, சொன்னபடி உப்புநீரால் கழுவுவது எல்லாம் சிறியவை. அறுவையின் பயன் நிலைப்பது இவற்றால்தான். எலும்பையும் நகர்த்தியிருந்தால் மூக்குக்கண்ணாடி சில வாரம் தண்டில் அழுந்தக் கூடாது. இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; தாமாக நிறுத்தவும் கூடாது.

இத்தனையையும் டிஸ்சார்ஜ் சீட்டின் ஓரத்தில் ஆங்கிலத்தில் கிறுக்கிக் கொடுப்பது அநியாயம். நோயாளி படிக்கும் மொழியில் எழுதி, அறுவைக்கு முன்பே, வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரையும் உட்காரவைத்து விளக்க வேண்டும். இரத்தம் நிற்காவிட்டால் நள்ளிரவில் யாரை அழைப்பது என்பதும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும்.