சித்திரையில் செய்ய வேண்டிய வேலை

மேல்சித்தாமூர் போன்ற செஞ்சி வட்டத்து ஊர்களுக்குக் கடல் தெரியாது. புயல் என்றால் அது மரக்காணத்தாரின் கவலை என்ற நினைப்பு இங்கே வெகுகாலம் இருந்தது. 2024 நவம்பர் 30 இரவு கரையேறிய ஃபெஞ்சல் புயல், நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. தெற்கே மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் மாவட்டம் ஆண்டு முழுவதும் பெறுவதில் ஏறக்குறையப் பாதி. இதில் யோசிக்க வேண்டியது, கிடைத்த அவகாசத்தைத்தான். வலுவிழந்துவிடும் என்றுகூட முதலில் சொல்லப்பட்ட அந்தத் தாழ்வு மண்டலம், 29ஆம் தேதி பிற்பகலில்தான் புயலானது. ஒன்றரை நாளுக்குள் பாலும் மெழுகுவத்தியும் வாங்கி வைக்கலாம். சுவிட்ச் போர்டை மேலே ஏற்ற முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வீடு தயாராக வேண்டிய மாதங்கள் சித்திரையும் வைகாசியும்தான்.

பழைய வீடுகளில் தெருவிலிருந்து இரண்டு மூன்று படி ஏறித்தான் திண்ணை. சாமான் வைக்க உள்ளே பரண். இன்று பல தெருக்களில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய சாலை போட்டுப் போட்டு, வாசற்படி தெருவுக்குக் கீழே போய்விட்டது. மழைநீர் நேராகக் கூடத்துக்கு வருகிறது. கோடையில் எலக்ட்ரீஷியனும் கொத்தனாரும் கிடைப்பார்கள். பிளக் பாயின்டுகளை இடுப்புக்கு மேலே மாற்றுவது, கிணற்றின் கைப்பிடிச் சுவரை உயர்த்துவது, வாசலுக்கு ஒரு வரிசை செங்கல் கூட்டுவது எல்லாம் அப்போதே முடிய வேண்டும். பட்டா, பத்திரம், குடும்ப அட்டை மூன்றையும் தண்ணீர் புகாத பையில் பரண்மேல் வைப்பதற்குச் செலவே இல்லை. புயலுக்குப் பின் அரசு அறிவித்த 2,000 ரூபாய் நிவாரணம்கூடக் குடும்ப அட்டையைக் கணக்கில் கொண்டதுதான்.

‘ஏரியைத் தூர்வாராமல், ஓடை ஆக்கிரமிப்பை எடுக்காமல், பாரத்தை வீட்டுக்காரர் தலையில் கட்டுவதா?’ என்று கேட்பார்கள். நியாயமான கோபம். கலங்கலும் வாய்க்காலும் அரசின் பொறுப்பு, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் ஏரிகள் ஒழுங்காக இருந்தாலும், ஒரு நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தால் தாழ்ந்த தெருவில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். குடிசையில் இருப்பவர் எதை உயர்த்துவார் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. சேதமடைந்த குடிசைக்குக் கிடைத்தது 10,000 ரூபாய். அதில் கூரை மாற்றலாம், தரையை உயர்த்த முடியாது. ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் ஒதுக்கும் அரசு, 360 சதுர அடி என்று பரப்பைக் கணக்கிடுவதுபோலத் தரைமட்டத்தையும் ஊருக்கு ஊர் கணக்கிட வேண்டும். அதற்குப் பெரிய ஆய்வு வேண்டாம். 2024இல் தண்ணீர் எதுவரை நின்றது என்று தெருவில் கேட்டால் சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். கடைக்கால் எடுக்கும் முன், பொறியாளர் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அதற்கு மேலே தரையை அமைக்கட்டும்.