நூலகம் புகுக!

1916இல் தனித்தமிழ் இயக்கங் கண்ட மறைமலையடிகள் வாழ்நாளெல்லாம் ஈட்டிய செல்வம் ஏறத்தாழ நாலாயிரம் நூல்கள். அடிகள் 1950இல் மறைந்தார். சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் முயற்சியால், 1958இல் அந்நூல்கள் சென்னையில் மறைமலையடிகள் நூலகமாய் மலர்ந்தன. 2008இல் அந்நூலகம் கன்னிமாரா நூலகக் கட்டடத்திற்குப் பெயர்ந்தது. இடம் மாறினும் நூலகம் வாழும். படிப்போர் இன்றேல் இருந்த இடத்திலேயே மாளும்.

நாஞ்சில் நாட்டார்க்கும் இஃதோர் எச்சரிக்கை. 1954இல் உயிரீந்து, 1956 நவம்பர் 1இல் தாய்த்தமிழகத்தோடு இணைந்த மண் இது. மண்ணை மீட்டோர் வழிவந்தோர் வீட்டுவரியோடு நூலகவரியும் செலுத்துகின்றனர். ஆயினும், நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராய்ப் பதிந்தோர் எத்துணையர்? கைப்பேசிக்குத் திங்கள்தோறும் பணங்கட்டும் கை, நூலகக் காப்புத்தொகைக்கு மட்டும் மடங்குவதேன்?

தமிழ் வாழ்கவெனச் சுவரில் எழுதுமுன், நூலக ஏட்டில் உம் பெயரை எழுதுக!