சுகர் காட்டும் ஸ்மார்ட் வாட்ச்: நம்பலாமா?

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் நிறைய உள்ள ஊர், கன்னியாகுமரி மாவட்டத்தின் புதுக்கடை. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பெற்றோருக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வருவதும் உண்டு. எத்தனை அடி நடந்தோம், நாடித்துடிப்பு எவ்வளவு என்று பார்ப்பதற்கு அது நல்ல பரிசுதான். ஆனால், 'ஊசி குத்தாமலே சுகர் காட்டும்' என்று விற்கப்படும் வாட்ச் என்றால் உஷார்!

வாட்ச்சின் அடியில் மின்னும் பச்சை ஒளி, ரத்த ஓட்டத்தை வைத்து நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. சர்க்கரையை அளக்க அது போதாது. தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்த வாட்ச்சுக்கும், மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. தவறான எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால், சர்க்கரை சட்டெனக் குறைந்து மயக்கம், வலிப்பு வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம்.

சரி, எதை நம்பலாம்? விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர் இருக்கிறது. அடுத்தது 'சிஜிஎம்' எனும் தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவி. மேல்கையின் பின்புறம் ஒட்டப்படும் சிறிய வட்டு இது. இதன் மெல்லிய இழை தோலுக்கடியில் இருந்து, செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தில் சர்க்கரையை அளந்து மொபைலுக்கு அனுப்பும். பெரும்பாலான சென்சார்கள் 10 முதல் 15 நாள்கள் வரை வேலை செய்யும். தோலுக்கடியில் பொருத்தி ஓராண்டு பயன்படுத்தும் சென்சாருக்கும் 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டதும் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது, சற்று நடந்தால் எவ்வளவு இறங்குகிறது என்பதை சிஜிஎம் வரைபடமாகவே காட்டிவிடும். கிழங்கின் அளவை எவ்வளவு குறைக்கலாம் என்று டாக்டரிடம் பேச இது உதவும்.

இந்தக் கருவியும் ரத்தச் சர்க்கரையைச் சில நிமிடங்கள் தாமதமாகவே காட்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு இருந்தும் மொபைல் 'நார்மல்' என்றால், விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழ் இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். மயங்கியவருக்கு வாயில் எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள்.

எல்லோருக்கும் சிஜிஎம் தேவையில்லை. இன்சுலின் போடுபவர்களுக்கும், சர்க்கரை அடிக்கடி தாழ்ந்துபோகிறவர்களுக்கும்தான் அதிகப் பலன். மற்றவர்களுக்கு குளுக்கோமீட்டரும், டாக்டர் சொல்லும் இடைவெளியில் எடுக்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும் பெரும்பாலும் போதும். தமிழக அரசு 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

எந்தக் கருவி என்ன காட்டினாலும், மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்!