போட்டோவுக்கு ஒரு அட்ரஸ்!

உங்க லேப்டாப்புல ‘டூர்’னு ஒரு ஃபோல்டர் கண்டிப்பா இருக்கும். அதைத் திறந்து ஏதாவது ஒரு போட்டோவை கிளிக் பண்ணுங்க. பச்சைப் பசேல்னு ஒரு மலை, பின்னாடி மேகம், முன்னாடி உங்க கேங். சரி, இது எங்கே எடுத்தது? கொடைக்கானலா, வால்பாறையா, மேகமலையா? ‘மச்சி, அந்த டீக்கடைக்குப் பக்கத்துலடா’ன்னு ஒருத்தர் சொல்வார். ‘இல்லடா, அதைத் தாண்டி’ன்னு இன்னொருத்தர் சண்டைக்கு வருவார். ஆக, படம் இருக்கு, சிரிப்பு இருக்கு, இடம் மட்டும் மிஸ்ஸிங்!

டூர் போட்டோன்னா சிரிச்சுட்டு விட்டுடலாம். அதுவே பாட்டனி ஃபீல்டு ட்ரிப்ல எடுத்த செடியா இருந்தா? ஜியாலஜிக்காரர் எடுத்த பாறையா இருந்தா? ஹிஸ்டரி புராஜெக்டுக்காக முள்ளுக்காட்டுக்குள்ள தேடிப் பிடிச்ச கல்வெட்டா இருந்தா? எந்த இடம்னு தெரியாத படம், புராஜெக்டுக்குப் பாதி வேஸ்ட். இதுக்கான மருந்துதான் ஜியோடேக்கிங். அதாவது, படத்தோடவே அது எடுக்கப்பட்ட இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் எழுதி வைக்கிற வேலை.

எங்கே எழுதுறாங்க?

படத்து மேல இல்லீங்க, ஃபைலுக்குள்ள! ஒவ்வொரு டிஜிட்டல் போட்டோவுக்குள்ளேயும் ‘எக்ஸிஃப்’னு கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பகுதி இருக்கு. 1995-ல ஜப்பான்ல உருவான முறை இது. படம் எடுத்த தேதி, நேரம், கேமரா மாடல், ஷட்டர் வேகம் எல்லாம் அதுக்குள்ளதான் போய் உட்காருது. அதுலயே ஜி.பி.எஸ்.ஸுக்குன்னும் தனி இடம் ஒதுக்கியிருக்காங்க. தஞ்சாவூர் பெரிய கோயில் முன்னாடி நின்னு எடுத்தா 10.7828, 79.1318-ங்கிற மாதிரி ரெண்டு நம்பர். அவ்வளவுதான் மேட்டர்!

இந்த நம்பர்ல ஒரு சூட்சுமம் இருக்கு. புள்ளிக்கு அப்புறம் நாலு இலக்கம் இருந்தா, சுமார் 11 மீட்டர் துல்லியம். எந்த வீட்டு வாசல்னே சொல்லிடலாம். ரெண்டு இலக்கத்தோட நிறுத்தினா, சுமார் ஒரு கிலோமீட்டர். ஏரியா மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு இலக்கம்னா, சுமார் 11 கிலோமீட்டர். ஊர் பேரோட சரி. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில வேலைக்கு ஆகும்.

கேமரா தலையில ஒரு குட்டிப் பெட்டி

மே 2000 வரைக்கும் பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலை அமெரிக்கா வேணும்னே கொஞ்சம் கெடுத்துதான் அனுப்பிட்டிருந்தது. நீங்க நிக்கிற இடத்தை 100 மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். அந்தத் தடையை எடுத்த பிறகுதான், போட்டோவுக்கும் இதைப் பயன்படுத்தலாம்கிற ஆசை பலருக்கு வந்தது.

ஆனா, அன்னிக்கு டிஜிட்டல் கேமராக்களுக்குள்ள ஜி.பி.எஸ். கிடையாது. தனியா ஒரு கருவி வாங்கணும். அதுல ரெண்டு ஜாதி. முதல் ஜாதி, பையில போட்டுட்டுப் போறது. 2006-ல சோனி கொண்டுவந்த ‘ஜி.பி.எஸ்.-சி.எஸ்.1’ அப்படித்தான். ஸ்கிரீன் கிடையாது, மேப் கிடையாது. ஒரு பென்டார்ச் பேட்டரியைப் போட்டு பேக்ல மாட்டிட்டா, 15 செகண்டுக்கு ஒரு தடவை நீங்க இருக்கிற இடத்தைச் சத்தமில்லாம குறிச்சு வெச்சுக்கும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டோவையும் அந்தக் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தா, சாஃப்ட்வேர் நேரத்தைப் பார்த்து ஜோடி சேர்க்கும். அதாவது, 10.42-க்கு எடுத்த படமா? 10.42-க்கு நீங்க எங்கே இருந்தீங்களோ, அதான் அந்தப் படத்தோட அட்ரஸ்!

ரெண்டாவது ஜாதி, கேமராவுலயே மாட்டுறது. 2008-ல வந்த நிக்கானின் ‘ஜி.பி.-1’, ஃபிளாஷ் மாட்டுற இடத்துல உட்கார்ந்து ஒரு கேபிள் வழியா கேமராவோட பேசும். நீங்க கிளிக் பண்ற நொடியிலேயே இடம் எழுதப்பட்டுடும். ஆனா, அதுக்கு முன்னாடி அந்தக் குட்டி லைட் பச்சையாகிற வரைக்கும் திறந்த வெளியில தேவுடு காக்கணும். துல்லியமா இடம் சொல்ல குறைஞ்சது நாலு சாட்டிலைட் தெரியணுமே! அதெல்லாம் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது. அடர்ந்த காட்டுக்குள்ளேயும், கோயில் கல் மண்டபத்துக்குள்ளேயும் அந்த சிக்னல் திணறும். 2012-ல கேனானும் ‘ஜி.பி.-ஈ2’ன்னு இதே மாதிரி ஒண்ணு கொண்டுவந்தது.

இந்த ஆசை எவ்வளவு பெருசா இருந்ததுன்னா, 2006 ஆகஸ்ட்ல ஃபிளிக்கர் தளம் ‘உங்க படங்களை மேப்ல ஒட்டலாம்’னு அறிவிச்சப்போ, முதல் 24 மணி நேரத்துலயே 12 லட்சம் படங்கள் மேப்ல ஏறிடுச்சு!

வில்லன் யாரு? கடிகாரம்!

இன்னிக்கும் உங்க டி.எஸ்.எல்.ஆர். அல்லது மிரர்லெஸ் கேமராவுல ஜி.பி.எஸ். இல்லையா? காசு செலவு பண்ண வேண்டாம். போன்ல பாதையைப் பதிவு பண்ற ஒரு இலவச ஆப் போட்டு, ‘ஜி.பி.எக்ஸ்’ ஃபைலா சேமிச்சுக்கங்க. அப்புறம் டிஜிகேம், எக்ஸிஃப்டூல் மாதிரி இலவச சாஃப்ட்வேர்ல படங்களோட இணைச்சுடலாம். நிக்கானோட ஸ்னாப்பிரிட்ஜ் மாதிரி, கேமரா கம்பெனிகளோட ஆப்களும் போன்ல இருக்கிற இடத்தை புளூடூத் வழியா கேமராவுக்கு அனுப்புது.

ஆனா ஒரு கண்டிஷன். கேமரா கடிகாரம் சரியா இருக்கணும். அது 5 நிமிஷம் தள்ளி ஓடினா, 60 கிலோமீட்டர் வேகத்துல போற பஸ்ல இருந்து எடுத்த படம் 5 கிலோமீட்டர் தள்ளிப் போய் விழும். அடுத்தது, ஜி.பி.எக்ஸ். ஃபைல்ல நேரம் உலகப் பொது நேரத்துல இருக்கும். நம்ம நேரம் அதுக்கு ஐந்தரை மணி முன்னாடி. சாஃப்ட்வேர்ல இதைச் சொல்ல மறந்தா, காலைல 10 மணிக்கு கொடைக்கானல் ஏரியில எடுத்த படம், சாயங்காலம் மூன்றரைக்கு நீங்க இருந்த இடத்துல போய் உட்கார்ந்துக்கும். அந்நேரம் பஸ் வத்தலகுண்டுக்கு இறங்கியிருந்தா, வத்தலகுண்டுல படகு சவாரிதான்! இதுக்கு ஒரு சிம்பிள் ட்ரிக். கிளம்பும்போது போன்ல ஓடுற கடிகாரத்தை, செகண்ட் முள்ளோட, கேமராவுல ஒரு போட்டோ எடுத்துடுங்க. எவ்வளவு வித்தியாசம்னு அப்புறம் கணக்குப் போட்டுச் சரி பண்ணிடலாம்.

செகண்ட் ஹேண்ட்ல பழைய கருவி வாங்கப் போறீங்களா? உஷார்! ஜி.பி.எஸ். வாரங்களை 1024 வரைக்கும்தான் எண்ணும். அப்புறம் மறுபடி பூஜ்யம். 2019 ஏப்ரல் 6-ல அப்படி ஒரு தடவை திரும்பியாச்சு. அதுக்குத் தயாராகாத பழைய கருவிகள் இன்னிக்குத் தேதியை 1024 வாரம், அதாவது சுமார் 19 வருஷம் 7 மாசம் பின்னாடி காட்டலாம். வாங்கறதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க.

நீங்க சொல்லாமலே சொல்ற போன்

இப்போ முக்கியமான விஷயம். அந்தக் குட்டிப் பெட்டியை மாட்டினவங்களுக்கு, இடம் பதிவாகுதுன்னு நல்லாத் தெரியும். பேட்டரி போட்டு, பச்சை லைட்டுக்காகக் காத்திருந்து, வேணும்னுதான் பதிவு பண்ணாங்க. போன்ல அந்தக் கஷ்டம் எதுவும் இல்ல. என்னிக்கோ ஒரு நாள் ‘அலோவ்’ அமுக்கியிருப்பீங்க, அதோட மறந்திருப்பீங்க. ஹாஸ்டல் ரூம், வீட்டு மொட்டை மாடி, தினமும் நிக்கிற பஸ் ஸ்டாப்னு எல்லாத்துக்கும் அட்ரஸ் ஏறிக்கிட்டே இருக்கும்.

அதனால என்ன ஆகிடும்னு கேக்குறீங்களா? 2012 டிசம்பர்ல, போலீஸ் விசாரிக்கத் தேடிட்டு இருந்த ஆன்டி-வைரஸ் புகழ் ஜான் மெக்காஃபியோட ஒரு போட்டோவை ‘வைஸ்’ பத்திரிகை வெளியிட்டது. அந்தப் படத்துக்குள்ளேயே அட்சரேகை, தீர்க்கரேகை இருந்தது. அவர் பெலீஸ்ல இருந்து தப்பி குவாத்தமாலாவுல ஒளிஞ்சிருக்கார்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. சில நாள்ல கைது! 2007-ல ஈராக்ல, புதுசா வந்த ஹெலிகாப்டர்களை அமெரிக்க ராணுவ வீரர்கள் போட்டோ எடுத்து நெட்ல போட்டாங்க. அந்தப் படங்கள்ல இருந்து எதிரிகள் இடத்தைக் கண்டுபிடிச்சுத் தாக்கினதுல நாலு அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் காலி. 2012-ல அமெரிக்க ராணுவமே சொன்ன தகவல் இது.

‘நான் என்ன மெக்காஃபியா?’ன்னு சிரிக்காதீங்க. ஒரு பொண்ணைப் பின்தொடர்ற ஆளுக்கு, அவ ஹாஸ்டல் எதுன்னு சொல்ல ஒரு படம் போதும். அழிஞ்சுட்டு வர்ற ஒரு ஆர்க்கிட் செடி எங்கே பூத்திருக்குன்னு காட்டிக் கொடுக்கவும் ஒரு படம் போதும். இயற்கை ஆர்வலர்கள் படம் போடுற ஐநேச்சுரலிஸ்ட் தளம், அழிவின் விளிம்புல இருக்கிற உயிரினங்களோட சரியான இடத்தை மறைச்சு, பெரிய கட்டமாத்தான் காட்டுது. அது ஏன்னு இப்போ புரியுதா?

சரி, என்ன செய்யலாம்?

ஜியோடேக்கிங்கை நிறுத்தணும்னு நான் சொல்ல மாட்டேன். உங்க ஹார்ட் டிஸ்க்ல முழு அட்ரஸோட வெச்சுக்கங்க. பத்து வருஷம் கழிச்சு அந்த டீக்கடையைத் தேடிப் போக அதுதான் வழி. வெளியே அனுப்புற காப்பிக்கு மட்டும் கொஞ்சம் யோசிங்க.

* விண்டோஸ்ல போட்டோ மேல ரைட் கிளிக் பண்ணி ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போனா, ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில ஜி.பி.எஸ். இருக்கான்னு பார்க்கலாம். அங்கேயே தகவலை நீக்கவும் வசதி உண்டு.

* வாட்ஸ்அப்ல படமா அனுப்பினா இந்தத் தகவல் உதிர்ந்துடும். ‘டாக்குமென்ட்’டா அனுப்பினா அப்படியே கூடவே போகும். குவாலிட்டிக்காக டாக்குமென்ட்டா அனுப்புற பார்ட்டிகளே, கவனம்!

* ஐபோன்ல ஷேர் பண்ணும்போது ‘ஆப்ஷன்ஸ்’ல லொகேஷனை ஆஃப் பண்ணலாம். ஆண்ட்ராய்டுல கேமரா செட்டிங்ஸ்ல இடம் பதிவாகிறதையே நிறுத்தலாம்.

* புராஜெக்ட் ரிப்போர்ட்ல அரிய செடி, விலங்கு படம் போடணுமா? மேல சொன்ன கணக்குப்படி ஒரே ஒரு இலக்கத்தோட நிறுத்துங்க. முழு நம்பரை கைடுகிட்ட மட்டும் கொடுங்க.

* குரூப் போட்டோன்னா, அந்த அட்ரஸ் உங்களுடையது மட்டும் இல்ல. ஃப்ரெண்டோட வீட்டுல எடுத்த படத்தை ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்புங்க.

* நம்பரை அழிச்சாலும், பின்னாடி தெரியிற தெருப் பலகையும் கடை போர்டும் பேசும். அதை எந்த சாஃப்ட்வேரும் தானா அழிக்காது. ஷட்டரை அமுக்குறதுக்கு முன்னாடி உங்க கண்ணுதான் பார்க்கணும்!

முதல் வேலையா, போன வாரம் நீங்க யாருக்கோ அனுப்பின ஒரு படத்தை எடுத்து, அதுக்குள்ள அட்ரஸ் இருக்கான்னு பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம். வரட்டா?