ஒற்றைக் காலும் ஒரு டாலரும்

“இவரு ஓடினா ஊரான் நோய் போயிடுமா?” என்று கேலி பேசாதீர்கள், தோழர்களே! கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் 1977-ல் எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தவர். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஆளுக்கு ஒரு டாலர் கேட்டு, 1980-ல் செயற்கைக் காலோடு 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியது, நின்றார். 22 வயதில் இறப்பதற்கு முன்பே 2 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது.

சில்லறைக் காசின் பலம் நமக்குத் தெரியாததா? சுங்கை சிப்புட் துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம், பால்மரம் வெட்டியவர்கள் கட்டிய பணத்தில்தானே தோட்டங்களையே வாங்கியது!

ஆகவே ஈப்போவில் நம்ம பிள்ளைங்க தர்ம ஓட்டத்துக்குப் போனா தடுக்காதீங்க. இனிப்புநீர், ரத்த அழுத்தம் உள்ளவங்க மட்டும் டாக்டரைப் பார்த்துட்டு ஓடட்டும். நெஞ்சு வலிச்சா அங்கேயே நிக்கணும், வீராப்பு வேணாம். கொடுத்தது ஒரு வெள்ளியானாலும் ரசீது கேளுங்க.