பாலைவனத்தில் குடித்தனம்

“நாம் பார்க்காத வெயிலா?”

குவைத்துக்கு உத்தியோகமாகப் போகும் பிள்ளையை வழியனுப்ப வருகிறவர்களில் யாராவது ஒருவர் இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதில்லை. வேலூர்க்காரர் சொல்வார், திருச்சிக்காரர் சொல்வார், மதுரைக்காரரோ சற்றுப் பெருமையாகவே சொல்வார். பிள்ளைக்குத் தைரியம் ஊட்ட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால், நேயர்களே, பையனுடைய பெட்டியில் ஊறுகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் நடுவில் இந்த வாக்கியத்தையும் வைத்து அனுப்பாதீர்கள். அது அவனுக்கு உதவாது, கெடுதல்கூடச் செய்யலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சென்னையில் 2003ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் உஷ்ணம் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. நம் பத்திரிகைகள் போடும் கணக்கில் 113 டிகிரி. அன்று ஊரே தவித்துப் போயிற்று. குவைத்தில் ஜூலை மாதத்தில் 45 டிகிரி என்பது சர்வ சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை! அந்நாட்டின் வடமேற்கில் மித்ரிபா என்று ஓர் இடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் தேதி அங்கே 53.9 டிகிரி பதிவாயிற்று. அதாவது 129 டிகிரி. உலக வானிலை அமைப்பே பரிசோதித்து ஏற்றுக்கொண்ட அளவு அது. நமக்குக் கத்திரி வெயில் மூன்று வாரத்துச் சமாசாரம். “இன்னும் பத்து நாள்தான்” என்று விரல்விட்டு எண்ணிக் கழித்துவிடுகிறோம். அங்கே மே மாதத்தில் ஆரம்பித்தால் செப்டம்பர் வரையில் எண்ண வேண்டும்.

அளவில் மட்டுமல்ல வித்தியாசம். வெயிலின் குணமே வேறு. சென்னையில் பத்து நிமிஷம் நடந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. “அப்பாடா, என்ன வேர்வை!” என்று விசிறிக்கொண்டு ஒரு செம்பு தண்ணீர் குடிக்கிறோம். வேர்வை நமக்கு அலாரம் அடிக்கும் கடிகாரம் மாதிரி. குவைத்தின் வறண்ட காற்றிலோ வேர்வை தோலில் தங்குவதே இல்லை. வந்த கணமே ஆவியாகிவிடுகிறது. சட்டை நனையாது. “எனக்கு வேர்க்கவே இல்லை, சார்” என்று புதிதாக வந்தவர் நினைத்துக்கொள்வார். சாயங்காலம் சட்டையைக் கழற்றிப் பார்த்தால் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு போட்டிருக்கும். அவ்வளவு தண்ணீரும் போனது அப்போதுதான் தெரியும்.

காற்றும் அப்படித்தான். நமக்குக் காற்று என்றால் சுகம். மின்விசிறியை இன்னும் ஒரு புள்ளி கூட்டி வைக்கிறோம். வெளி உஷ்ணம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் விசிறி குளிர்ச்சி தருவதில்லை. அடுப்பின் வாயிலிருந்து வருகிற மாதிரி அனலைத்தான் உடம்பின் மேல் வாரி வீசுகிறது. நாம் புழுக்கத்துக்குச் சட்டையைக் கழற்றுகிறோம். அந்நாட்டார் கழுத்திலிருந்து கணுக்கால் வரை தொளதொளவென்று அங்கி அணிந்து, தலைக்கும் ஒரு துணி போட்டுக்கொள்கிறார்கள். அது வெறும் அலங்காரம் அல்ல. வெயிலும் சுடுகாற்றும் தோலில் நேரே படாமல் காக்கும் ஏற்பாடு. அங்கே போகிறவர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். புதிய வெயிலில் பழகிக்கொள்ள உடம்பு ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நாட்களுக்குள் உள்ளே பல காரியங்கள் நடக்கின்றன. ரத்தத்தில் நீர்ப் பகுதி கூடுகிறது. வேர்வை முன்னைவிடச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வரத் தொடங்குகிறது. வேர்வையோடு போகும் உப்பு குறைகிறது. இதெல்லாம் மன உறுதியால் நடப்பதல்ல. நாள் ஆக ஆகத் தானாகவே நடக்க வேண்டியது. வெயிலில் வேலை செய்து உயிரிழப்பவர்களில் பெரும்பாலோர் வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே விழுந்துவிடுகிறார்கள் என்று தொழில் பாதுகாப்பு நிபுணர்கள் கண்டிருக்கிறார்கள். பத்து வருஷம் வெயிலில் உழைத்தவரைவிட, “நான் பார்க்காத வெயிலா?” என்று நேற்று வந்து இறங்கியவருக்குத்தான் ஆபத்து அதிகம்!

ஆகையால் அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையம் ஒரு கணக்கு வகுத்திருக்கிறது. புதிதாக வந்தவருக்கு முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்குதான் வெயிலில் கொடுக்கலாம். பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு வீதம் கூட்டிக்கொண்டு போகலாம். எல்லா மேஸ்திரிகளும் இந்தக் கணக்கைப் பார்க்கிறார்களா என்று கேட்காதீர்கள். பார்க்காத இடத்தில், பையன் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தாகம் எடுக்கும் வரையில் காத்திராமல், பதினைந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒரு டம்ளர் தண்ணீர். சிறுநீரின் நிறம் கறுத்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். சாப்பாட்டில் வழக்கமான உப்பைக் குறைக்க வேண்டாம். அங்கே கடைகளில் ‘லபன்’ என்று விற்கிறார்கள். பெயரைக் கண்டு பயப்படாதீர்கள், நம்முடைய மோர்தான். ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் போதும். கறிவேப்பிலை இல்லாத குறைதான்.

கூட வேலை செய்கிறவர் ஒருவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் கோபித்துக்கொண்டாலோ, “களைப்பு, சற்று உட்காரட்டும்” என்று விட்டுவிடக் கூடாது. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் விட்டு, கிடைத்தால் பனிக்கட்டியும் வைத்து, 112 என்ற எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. இந்த நாலு வரியையும் பையனிடம் சொல்லி அனுப்புங்கள். பக்கத்திலிருப்பவரின் பிராணனையும் இது காப்பாற்றும்.

குவைத்தில் சட்டமும் ஒன்று இருக்கிறது. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரையில் வெட்டவெளியில் யாரையும் வேலை வாங்கக் கூடாது. மீறுகிற கம்பெனி மீது அரசாங்கத்தின் மனிதவள ஆணையத்தில் புகார் செய்யலாம். ஊருக்குப் புதியவனாக, கடன் வாங்கிப் போனவனாக இருப்பவன் புகார் செய்யத் தயங்குவான் என்பது வாஸ்தவந்தான். ஆனாலும் சட்டம் தன் பக்கம் இருக்கிறது என்று தெரிந்திருப்பதே ஒரு பலம் அல்லவா?

“என் மாப்பிள்ளைக்கு ஆபீஸில் குளிர்சாதன அறை, அவருக்கு இந்தக் கவலை இல்லை” என்று நிம்மதிப் பெருமூச்சு விடும் மாமியார்மார்களுக்கும் ஒரு வார்த்தை. குளிர்ந்த வீடு, குளிர்ந்த கார், குளிர்ந்த ஆபீஸ் என்று இருப்பவர் உடம்பு வெயிலுக்குப் பழகுவதே இல்லை. ஐந்து வருஷம் இருந்தாலும் அவர் புதியவர்தான். விடுமுறை நாளில் உற்சாகம் வந்து உச்சிப் பொழுதில் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள்.

இனி வீட்டுக்குள் போவோம். புதுக் குடித்தனம் போட்ட பெண்ணுக்கு முதலில் திகைப்பைக் கொடுப்பது குளியல் அறைதான். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் பகலெல்லாம் வெயிலில் கொதித்திருக்கும். ‘பச்சைத் தண்ணீர்’ குழாயைத் திறந்தால் கை வெந்துவிடும்! அதனால் பழகியவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கோடை தொடங்கியதும் வெந்நீர் பாய்லரின் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் பாய்லரில் நிற்கிற தண்ணீர் மெள்ள மெள்ள ஆறிவிடும். பிறகு வெந்நீர்க் குழாயைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர். கோடை முழுவதும் குழாய்கள் தலைகீழ்!

துவைத்த துணி வெளியில் போட்ட சற்று நேரத்தில் அப்பளமாகக் காய்ந்துவிடும்; எடுக்க மறந்தால் புழுதி படிந்து மறுபடி துவைக்க வேண்டும். புழுதிக் காற்று கிளம்பினால் ஜன்னல் இடுக்குகளில் ஈரத் துணியைச் செருக வேண்டும். இட்லி மாவை அடுக்களையில் வைத்தால் மத்தியானத்துக்குள் பொங்கி வழியும். குளிர்சாதன அறையில் வைத்தால் மறுநாளும் பொங்காது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்த அன்றுதான் குடித்தனம் நிலைபெற்றது என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் விளையாட்டல்ல. “ஒரே நிமிஷம், கடைக்குள் போய் வந்துவிடுகிறேன்” என்று குழந்தையைப் பூட்டிய காரில் விடவே கூடாது. பத்து நிமிஷத்தில் காரின் உட்புறச் சூடு பத்து டிகிரி ஏறிவிடுகிறது.

தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குவைத்தில் ஒரு நதிகூடக் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாய்மரப் படகுகள் ஷத் அல் அரப் ஆற்றிலிருந்து குடிதண்ணீர் கொண்டுவந்து இறக்கின. 1953இல்தான் கடல் நீரைக் காய்ச்சிக் குடிநீராக்கும் பெரிய நிலையம் ஏற்பட்டது. இன்று குழாயில் வருவது பெரும்பாலும் அப்படிக் கடலிலிருந்து பிரித்தெடுத்த நீர்தான். கடற்கரையில் நீலப் பந்துகளைக் கோத்தாற்போல் மூன்று கோபுரங்கள் நிற்கும் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். 1979இல் திறந்த அந்தக் குவைத் கோபுரங்களில் இரண்டு, உண்மையில் தண்ணீர்த் தொட்டிகள்! ஓர் ஊர் தன் தண்ணீர்த் தொட்டியையே பெருமைச் சின்னமாக வைத்திருக்கிறது என்றால், தண்ணீர் அங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிகிறதல்லவா?

உடம்பு பழகிய பிறகு கடிகாரம் பழக வேண்டும். வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீஸுக்குப் போவது முதலில் ஏதோ தண்டனை மாதிரி இருக்கும். கோடையில் சாயங்காலந்தான் உண்மையான காலை. கடற்கரையில் குழந்தைகளை இரவு ஒன்பது மணிக்குத்தான் பார்க்கலாம். அவர்கள் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி பின்னால். நீங்கள் காப்பி குடித்துவிட்டு, “பிள்ளையோடு பேசுவோம்” என்று ஆறு மணிக்குப் போன் செய்தால் அங்கே மணி மூன்றரை! தூக்கமும் வெயிலுக்கு ஒரு மருந்து, அதைக் கெடுக்காதீர்கள்.

ரம்ஜான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் உண்பதும் பருகுவதும் எந்த மதத்தாருக்கும் கூடாது. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு அபராதமும் சிறைவாசமும் உண்டு. தண்ணீரை வீட்டிலோ, மறைவான அறையிலோ குடித்துவிட்டு வெளியே கிளம்ப வேண்டும்.

இத்தனை சொன்ன பிறகு, “அப்படியானால் அங்கே மனிதர் வாழ முடியுமா?” என்று கேட்பீர்கள். பேஷாக வாழலாம். அந்நாட்டு ஜனத்தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளிநாட்டார். அவர்களில் நம் இந்தியரே அதிகம். கோடை மட்டுமே பாலைவனம் அல்ல என்பது ஒரு வருஷம் இருந்தால்தான் தெரியும். நவம்பரில் காற்று மாறுகிறது. ஊரார் குடும்பத்தோடு பாலைவனத்தில் கூடாரம் அடித்து, தீ மூட்டிச் சுற்றி உட்காருகிறார்கள். ஜனவரி இரவில் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே வர முடியாது. மார்கழிக் கோலத்தை நினைத்து ஏங்கும் பெண்ணுக்கு அது பெரிய ஆறுதல்.

அந்த மாறுதலுக்கு முன்னறிவிப்பாக வருவது ஒரு நட்சத்திரம். செப்டம்பர் முதல் வாரத்தில், விடியற்காலையில், தெற்கு அடிவானத்தில் ‘சுஹைல்’ உதிக்கிறது. அதைக் கண்டால் இரவுகள் தணியத் தொடங்கும் என்பது அரபு மக்களின் பழைய கணக்கு. நம் பஞ்சாங்கம் போலக் குவைத்தார் வீடுகளில் மாட்டியிருக்கும் நாட்காட்டியைக் கணித்த வானநூலார் சாலிஹ் அல் உஜைரி (1920–2022) இந்த நாட்களையெல்லாம் குறித்துக் கொடுத்திருக்கிறார். சுஹைல் நமக்கு அந்நியமல்ல. தை மாத இரவில் நம் தெற்கு வானத்தில் ஜொலிக்கும் அகத்திய நட்சத்திரந்தான் அது! அங்கே அடிவானத்தை ஒட்டி, தாழ்ந்து தெரியும், அவ்வளவே வித்தியாசம்.

ஆகவே, பிள்ளையை அனுப்பும் தாய்மார்களே, முதல் இரண்டு வாரம் தொலைபேசியில், “சாப்பிட்டாயா?” என்று கேளுங்கள், கேட்காமல் உங்களால் இருக்க முடியாது. அதோடு, “இன்று வெயிலில் எத்தனை மணி நேரம் நின்றாய்? எத்தனை தரம் தண்ணீர் குடித்தாய்?” என்றும் கேளுங்கள். அவன் சலித்துக்கொள்வான். சலித்துக்கொண்டால் பரவாயில்லை, பதில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.